கடலா, மலையா?

இத்தாலியின் பொலோஞ்ஞாவில் ஜூன் பிறந்துவிட்டால் எந்தப் பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்: "மாரே ஓ மொந்தாஞ்ஞா?" கடலுக்கா, மலைக்கா? மொழி வகுப்பில் சொல்லித்தந்தது வேறு. ஒத்த வயதினரிடம் "வியாஜ்ஜி ஸ்பெஸ்ஸோ?", மூத்தவரிடம் "வியாஜ்ஜா ஸ்பெஸ்ஸோ?" அடிக்கடி பயணம் போவதுண்டா என்று அர்த்தம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு அம்மாளிடம் மரியாதையாகவே கேட்டேன். "இல்லையே, ரிமினிக்குத்தான் போவேன்" என்றார். ஆகஸ்டு தோறும் அதே கடற்கரை, அதே வரிசையில் அதே குடை. பக்கத்துக் குடையில் விளையாடிய பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்களாம். இதை அவர் பயணக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அறைத்தோழன் சிசிலியின் கத்தானியாக்காரன். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தான். அவனோ ரோமுக்குப் போய் இரவு ரயில் பிடிப்பான். நீரிணைக் கரையிலுள்ள வில்லா சான் ஜோவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். பயணிகள் மேல்தளத்துக்குப் போய், மெஸ்ஸினா நெருங்குவதைப் பார்த்தபடி சூடான அரஞ்சினோ தின்பார்கள். நீரிணைக்கு மேல் பாலம் வரப்போகிறது என்று யாராவது சொன்னால் அவன் முகம் வாடிவிடும்.

அவனை வழியனுப்பப் போகும்போதெல்லாம் பொலோஞ்ஞா ரயில் நிலையத்தின் கடிகாரம் கண்ணில் படும். முள் 10.25இல் நிற்கிறது. 1980 ஆகஸ்டு 2, சனிக்கிழமை, விடுமுறைக் கூட்டம். இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் நவபாசிசவாதிகள் வைத்த குண்டு 85 பேரைக் கொன்றது. 200 பேருக்கு மேல் காயம். 37ஆம் எண் நகரப் பேருந்தின் சன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி உடல்களை ஏற்றிச் சென்றார்கள். கடலுக்கும் மலைக்கும் புறப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த அறையின் பெஞ்சுகளிலும் அன்று காலை இதே கேள்வியை ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர்வலம் நிலையம் வரை வரும். ரயில் ஊதல் ஒலிக்கும். ஒரு நிமிடம் ஊரே பேசாது. இந்த ஆண்டுக் கூட்டத்தில் கீழ்வீட்டு அம்மாளும் நின்றிருந்தார். ரிமினிக்கு எப்போது என்று கேட்டேன். "நாளைக்கு. இரண்டாம் தேதிக்கு முன்னால் கிளம்புவதே இல்லை" என்றார். நீ எங்கே போகப்போகிறாய் என்று விசாரித்தார். தோழனோடு ரயிலில் கத்தானியாவுக்கு என்றேன்.

"கப்பலில் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திராதே, மேலே ஏறிப் போ" என்றார்.