கோட்டை எப்படி நடக்கும்?

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால், "நாட்டில் எழுதுவதற்கு வேறு பிரச்சினையே இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்கள் கேள்வி நியாயமானதே. ஆயினும், விதிகளை யார் ஆக்குகிறார்கள், ஆக்கிய விதிகளுக்கு யார் பொருள் சொல்கிறார்கள், அந்தப் பொருளால் நன்மையடைவோர் யார் என்னும் வினாக்களை நம் சிறுவர்கள் முதன்முதலில் எதிர்கொள்ளும் இடம் பாராளுமன்றமுமன்று, நீதிமன்றமுமன்று. மரநிழலில், மண்ணிற் கீறிய நாலு கோடுகளின் முன்னேதான் அவர்கள் அவற்றை எதிர்கொள்கிறார்கள். ஆதலால் அக்கோடுகளைப் பற்றிச் சிறிது பேசுவது வீண்வேலையாகாது.

நாயும் புலியும் என்றோ ஆடுபுலி என்றோ வழங்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சில புலிகள் ஒரு புறம்; எண்ணிக்கையில் மிகுந்த எளிய காய்கள் மறுபுறம். அடுத்த புள்ளியில் நிற்கும் காயைத் தாண்டி, அதற்கப்பால் வெறுமையாயுள்ள புள்ளியில் இறங்கினால் புலி அக்காயை வெட்டிவிடும். எளிய காய்களுக்குத் தாவும் உரிமை கிடையாது. கூடிநின்று புலியை அசையவிடாமல் மறிப்பதே அவற்றின் வெற்றி. இதுவரை எவருக்கும் ஐயமில்லை. ஆனால், ஒரு தாவலின் பின் அதே முறையில் இன்னொரு தாவல் உண்டா? எல்லாக் காய்களையும் வைத்து முடியுமுன் வைத்த காயை நகர்த்தலாமா? உச்சியிற் கோடுகள் சந்திக்குமிடத்தில், வளைந்து செல்லும் பாதையை நேர்ப்பாதையென்று கொள்ளலாமா? இவற்றுக்கு ஊருக்கு ஊர் விடை வேறு. ஓர் ஊருக்குள்ளேயே விடை தெளிவாக இல்லாதபோது நடப்பது என்ன? புலியை வைத்திருப்பவன் பெரும்பாலும் வயதில் மூத்தவன், குரலில் பெரியவன். "இரண்டு தரம் தாவலாம்" என்று அவன் சொன்னால் அதுவே விதியாகிவிடுகிறது. தெளிவில்லாத விதி இருவருக்கும் பொதுவான இருட்டுப்போலத் தோன்றினாலும், அந்த இருட்டில் எப்பொழுதும் ஒருவனுக்கே கண் தெரிகிறது.

இந்த உண்மை எனக்கு உறைத்தது சதுரங்கத்தினால்.

2011ஆம் ஆண்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் குளத்தோரக் கிராமமொன்றில் நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். 2009இல் போர் முடிந்தபோது வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் வவுனியாவின் செட்டிகுளப் பகுதியிலும் பிற இடங்களிலும் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அம்முகாம்களின் வெவ்வேறு பிரிவுகளிலிருந்து திரும்பியவர்கள். இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் வளர்ந்து பெற்றோருடன் நாடு திரும்பியவர்களும் இரண்டொருவர் இருந்தனர். நிவாரணப் பொருள்களோடு வந்த ஒரு சதுரங்கப் பெட்டி எங்களிடம் இருந்தது. முப்பத்திரண்டு காய்களில் ஏழெட்டைக் காணோம். காணாமற்போன சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை, குதிரைக்குச் சோடா மூடி, மந்திரிக்குப் பேனை மூடி என்று பிள்ளைகள் ஈடுசெய்தார்கள். கோட்டைக்கென்று ஒருவன் வெற்று ரவைக் கோதொன்றைக் கொண்டுவந்தான். உயரமும் உருட்சியும் பொருத்தமாகத்தான் இருந்தன. அதை வாங்கி அப்புறப்படுத்திவிட்டு, உடைந்த வெண்கட்டியொன்றை அந்த மூலையில் நிறுத்தினேன்.

காய்களின் உருவம் இப்படி மாறியவுடன் வழக்குகள் தொடங்கின.

"கோட்டை எப்பிடிச் சேர் நடக்கும்? அது கட்டடம் எல்லோ?" என்றான் ஒருவன்.

"அது கோட்டை இல்லை, யானை" என்றாள் மண்டபத்திலிருந்து வந்த சிறுமி.

"யானையெண்டால் குறுக்கால நிக்கிற ஆளையும் மிதிச்சுக்கொண்டு போகவேணும். எங்கட வயலுக்குள்ள வாற யானை வேலியைப் பாத்தே நிக்குது?" என்றான் மூன்றாமவன்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பேச்சன்று இது. காயின் பெயரும் உருவமும் அதன் நடையைச் சொல்லவேண்டும் என்பது பிள்ளைகளின் எதிர்பார்ப்பு. உலகம் முழுவதும் மனிதர் அவ்வாறே எதிர்பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, அங்கு தாம் அறிந்த ஆட்டத்தில் யானை முன்னே ஒரு கட்டமும், நான்கு மூலைகளில் ஒவ்வொரு கட்டமும் நகரும் என்று குறித்துள்ளார். ஏன் ஐந்து? துதிக்கை ஒன்று, கால்கள் நான்கு என்பதே ஆடுவோர் அவருக்குச் சொன்ன காரணம். எங்கள் வகுப்பு மாணவனின் தருக்கமும் இதுவேயல்லவா?

ஆனால் வரலாறு அத்தருக்கத்தோடு நிற்கவில்லை. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையோடு புறப்பட்ட ஆட்டம் பாரசீகத்துக்கும் அராபிய நாடுகளுக்கும் சென்றது. அங்கே காய்கள் உருவமிழந்து வெறுங் குமிழ்களாயின. யானைக்குத் தந்தங்களின் அடையாளமாக இரு முனைகள் மட்டும் எஞ்சின. ஐரோப்பியர் அவ்விரு முனைகளைப் பார்த்தபோது ஆங்கிலேயருக்கு அது மேற்றிராணியாரின் முடியாகவும், பிரெஞ்சுக்காரருக்குக் கோமாளியின் குல்லாயாகவும் தோன்றியது என்பர். தேர் கோட்டையாயிற்று. அரசனுக்குப் பக்கத்தில் நின்று, மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த அமைச்சன் அரசியாகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகை முழுவதும் பாயும் வல்லமை பெற்றான். இன்று நாம் மந்திரி என்பது பழைய யானையை. தமிழ்நாட்டார் யானை என்பது பழைய தேரை. 1849இல் இலண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டோண்டன் வடிவக் காய்களே இன்று உலகப் போட்டிகளின் பொது உருவம். ஆக, உருவத்திலிருந்து நடை பிறக்கவில்லை. கோட்டை நடப்பது, அது நடக்கும் என்று ஆடுவோர் இருவரும் முன்கூட்டியே உடன்பட்டதால். அந்த உடன்பாடு இருந்தால் வெண்கட்டியும் கோட்டையே; இல்லாவிட்டால் யானைத் தந்தத்திற் செதுக்கிய கோட்டையும் வெறும் பொம்மையே.

உடன்பாடு மனிதர் செய்வது என்றால், அதைச் செய்யும் அவையில் யாருக்கு இடமிருந்தது என்ற வினா எழுகிறது. பஞ்சாபிற் பிறந்த மீர் சுல்தான் கானின் கதை இதற்குச் சான்று. அவர் சிறுவயதிற் பயின்ற இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கடைசி நிரையை அடைந்த சிப்பாய், எந்தக் காயின் நிரலில் ஏறியதோ அந்தக் காயாக மாறும். கோட்டை கட்டுவதற்குப் பதிலாக அரசன் ஒரு தடவை குதிரைபோற் பாயலாம். ஐரோப்பிய விதிகளை அவர் வளர்ந்த பின்னரே கற்கவேண்டியிருந்தது. கற்ற சில ஆண்டுகளில், 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானியச் சம்பியனானார். முன்னாள் உலகச் சம்பியன் கப்பாபிளாங்காவையும் தோற்கடித்தார். அவர் 1966இற் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல். திறமை அவரிடம் முன்பே இருந்தது. விதிப் புத்தகம் வேறொருவருடைய கையில் இருந்தது.

அடுத்த ஆண்டு, நகரமொன்றில் நடந்த போட்டிக்கு ஒன்பதாந் தர மாணவியொருத்தியை அழைத்துச் சென்றேன். வசதியுள்ள பாடசாலையிலிருந்து, பயிற்றுநரோடு வந்த மாணவன் அவளுடைய எதிராளி. ஆட்டத்தின் முடிவில் அவளுடைய சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டியது. அவள் "ராணி" என்றாள். "உன்னுடைய ராணி இன்னும் பலகையில்தானே நிற்கிறது? வெட்டுப்பட்ட காயை மட்டுமே திருப்பி எடுக்கலாம்" என்றான் அவன். கண்காணிப்பிலிருந்தவர் இருவரையும் பார்த்தார். சீருடைகளையும் பார்த்தார் போலும். மாணவன் சொன்னதே சரியென்று தீர்ந்தது. அவள் தோற்றாள். சம்மேளனத்தின் விதியோ ஐயத்துக்கு இடமின்றி உள்ளது: சிப்பாய் மாறும் காயைத் தெரிவதில், முன்பு வெட்டுப்பட்ட காய்கள் என்ற கட்டுப்பாடு கிடையாது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அவ்வாறே தவறாக எண்ணியதனாற்றான் அந்த வாசகம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அன்று அந்த அறையில் அவ்வாசகம் தமிழில் எவரிடமும் இருக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது அவள் கேட்டது ஒன்றே: "சரியான விதி எங்க சேர் எழுதியிருக்கு?"

அந்தக் கேள்விக்கு மறுமொழியாக எங்கள் வகுப்பில் ஒரு கொப்பி தொடங்கப்பட்டது. விதிகளை நான் சொல்ல அவர்கள் எழுதவில்லை. ஆங்கில விதியை நான் விளக்குவேன். அதைத் தமிழில் ஒருவர் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் கொள்ள முடியுமா என்று மற்றவர்கள் முயன்று பார்ப்பார்கள். முடிந்தால் வாக்கியம் தள்ளப்படும்.

முதலிற் குதிரை. "மூன்று கட்டம் போகும்" என்று ஒருவன் எழுதினான். நிற்கும் கட்டத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? "இரண்டு நேரே, ஒன்று பக்கம்" என்று திருத்தினான். அப்படியானால் வழியில் நிற்கும் காய் மறிக்குமா? ஒரு பாடவேளை முழுதும் இதிலேயே கழிந்தது. சம்மேளனத்தின் வாசகத்தைக் கண்டபோதுதான் அதன் அழகு விளங்கியது. குதிரை தான் நிற்கும் கட்டத்துக்கு மிக அண்மையில் உள்ளனவும், அதே நிரையிலோ நிரலிலோ மூலைவிட்டத்திலோ இல்லாதனவுமான கட்டங்களுள் ஒன்றுக்குச் செல்லும். அதில் பாதை என்ற சொல்லே இல்லை. பாதை இல்லையென்றால் மறிப்பும் இல்லை, வழக்கும் இல்லை. பலகையின் நடுவில் அத்தகைய கட்டங்கள் எட்டு, மூலையில் இரண்டு என்று பிள்ளைகள் தாமே எண்ணிக் கண்டார்கள்.

அடுத்தது சிப்பாய். "ராணி ஆகலாம்" என்று எழுதினாள் தோற்றுவந்த மாணவி. ஆகலாம் என்றால் ஆகாமலும் இருக்கலாமா? இது குழந்தைத்தனமான கேள்வியன்று. 1862ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சதுரங்கச் சங்கத்தின் விதித்தொகுப்பு, சிப்பாய் சிப்பாயாகவே நிற்கவும் இடமளித்தது. பின்னாளில் உலகச் சம்பியனான ஸ்டைனிட்ஸ் அதனை ஆதரித்து எழுதினார். இன்றைய விதி அதனை ஏற்பதில்லை. இறுதியில் கொப்பியில் நிலைத்த வாக்கியம் இது: "கடைசி நிரைக்குப் போன சிப்பாய் அந்த நகர்விலேயே அதே நிறத்து ராணி, கோட்டை, மந்திரி, குதிரை என்பவற்றுள் ஆடுபவர் விரும்பும் ஒன்றாக மாறியே ஆகவேண்டும், அந்தக் காய் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை." ஒரு நாட்டில் இரண்டு ராணிகளா என்று ஒருவன் முணுமுணுத்தான். சிப்பாயாக நடந்து வந்தவளுக்கு அது உரியதுதான் என்று சபை தீர்த்தது.

இவ்வாறு விதிகளை ஒன்றாக்குவதால் ஊர் வழக்குகள் அழிந்துபோகாவா என்று கேட்போர் உண்டு. மக்களின் ஆட்டங்களை மதிப்பவர்களின் கவலை இது, புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் பன்மை வேறு, மயக்கம் வேறு. ஓர் ஊரில் புலி இரு தரம் தாவட்டும், மற்றோர் ஊரில் ஒரு தரம் தாவட்டும். அதனால் எவருக்கும் கேடில்லை. தாவும் கணத்திலே அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் புலியிடமே இருப்பதுதான் கேடு.

பலகைக்கு வெளியேயும் இதையே காண்கிறோம். வன்னியின் குடியேற்றக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை நம்பி வாழ்பவை. இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவர்கள் பலர். திரும்பி வந்தபோது காடு மண்டிக் கிடந்த தம் காணியை வனமென்று எல்லைக்கல் நாட்டக் கண்டவர்களும் உளர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து பொருள் கேட்ட தந்தையரை நான் அறிவேன். "விதி அப்படித்தான்" என்று மேசைக்கப்பாலிருந்து சொல்லப்படும்போது, "எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள்" என்று கேட்கும் துணிவு ஒரே நாளில் வருவதன்று. அது பழகவேண்டியதொன்று. பழகுவதற்குப் பாடசாலையை விடப் பாதுகாப்பான இடம் எது?

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஆட்டத்தைக் கற்பிக்குமுன் அதன் விதிகளைப் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் எழுதுவியுங்கள். எழுதியதைச் சுவரில் ஒட்டுங்கள். வாக்கியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்காதீர்கள். காய்கள் குறைந்தால் புளியங்கொட்டை போதும்.

எங்கள் கொப்பி கிழிந்து, இருமுறை பிரதியெடுக்கப்பட்டுவிட்டது. அதன் கடைசி விதி எந்தச் சம்மேளனத்தின் நூலிலும் இருந்து எடுக்கப்பட்டதன்று; பிள்ளைகள் தாமே சேர்த்தது: "ஆட்டம் தொடங்குமுன் சொல்லாத விதியை ஆட்டத்தின் நடுவில் ஒருவரும் கொண்டுவரக் கூடாது; ஆசிரியரும் கூடாது."