அஞ்சாரில் செய்த பிச்சாத்தி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. ஒரு கத்தியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தங்கமணி, "நாலு குடும்பம் படிக்கிற இடத்துல கத்தியா? உருப்படும்" என்றாள். மூன்றங்குல மடக்குக்கத்திதான் மக்களே, பயப்படாமல் படியுங்கள் :-)

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் ஊரில் கத்திக்குப் பிச்சாத்தி என்று பெயர். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அவருடைய காக்கி பேண்ட் பையில் எப்போதும் ஒரு மடக்குப் பிச்சாத்தி கிடக்கும். கறுப்புக் கொம்புப் பிடி, தேய்ந்து தேய்ந்து ஒல்லியாகிப்போன அலகு. ஒயர் உறை சீவுவது, எனக்குப் பென்சில் சீவுவது, செவ்வாழைக் குலையில் சீப்பு அறுப்பது, சாப்பிட்ட பின் பாக்கு சீவுவது எல்லாம் அதில்தான். நான் கேட்டால் லேசில் தரமாட்டார். தந்த நாளிலும் என்னால் அதைத் திறக்க முடிந்ததில்லை. நகம் வழுக்கும். "கைக்கு இன்னும் பலம் வரணும் மக்ளே" என்பார். காலேஜ் போன பிறகும் வழுக்கியது. எனக்குக் கைப்பலம் குறைவு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

2019இல் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா அந்தப் பிச்சாத்தியை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி என் கையில் தந்தாள். "வச்சுக்கோ" என்றாள், அவ்வளவுதான்.

நான் செய்த முட்டாள்தனத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். மறுநாள் விமானம். பெட்டியை கவுண்டரில் போட்டாயிற்று, பிச்சாத்தி பேண்ட் பையில். பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தக் காவலர் மேல் குற்றமே இல்லை. "வெளியே உங்க ஆள் யாராவது இருந்தா குடுத்துட்டு வாங்க சார்" என்று பொறுமையாகத்தான் சொன்னார். கொண்டுவிட வந்த சித்தப்பா மகன் அதற்குள் நெய்யாற்றின்கரை தாண்டியிருந்தான். என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. கத்தரிக்கோல்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் கிடந்த ஒரு பெட்டிக்குள் அப்பாவின் பிச்சாத்தியைப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். கைக்குட்டை மட்டும் என்னிடம் இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. போனில் எப்போதாவது கேட்பாள். "பத்திரமா இருக்கும்மா" என்பேன். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

நிற்க. இப்போது நான் இருப்பது குஜராத்தில், கட்ச் மாவட்டத்துக் காந்திதாமில். கண்ட்லா துறைமுகத்தில் (2017 முதல் தீனதயாள் துறைமுகம்) சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை. இங்கிருந்து அரை மணி நேர வண்டிப் பயணத்தில் அஞ்சார் என்றொரு பழைய ஊர். அந்த ஊரின் புகழே 'சூடி சப்பு'தான். சூடி என்றால் நம் பாக்குவெட்டி, சப்பு என்றால் கத்தி. கடைத்தெருவில் பித்தளைப் பாக்குவெட்டிகள் வரிசையாகத் தொங்கும். முதல் தடவை பார்த்தபோது பாட்டி வீட்டு வெற்றிலைச் செல்லம் ஞாபகம் வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

2023 பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தனக்குத் தெரிந்த கொல்லர் ஒருவரிடம் கூட்டிப்போனார். வயது அறுபதுக்கு மேல். எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிடுகிறார்கள். குஜராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா, பெரியப்பா. நம் ஊரில் பெரியவர் ஒருவரை இப்படிக் கூப்பிட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும் :-)

அரைகுறை இந்தியில் கதையைச் சொல்லி, "அப்பாவோடது மாதிரியே ஒண்ணு செஞ்சு தாங்க" என்றேன். போட்டோ கேட்டார். இல்லை. சரி, அளவு? பிடியின் நீளம்? அலகின் முனை நேரா, வளைவா? ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் தெரியவில்லை. முப்பது வருஷம் பார்த்த பொருள்! அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு கொய்யாப்பழத்தையும் கடைக் கத்தி ஒன்றையும் தந்து "நறுக்கு" என்றார். நறுக்கினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நூலை எடுத்து உள்ளங்கையின் அகலத்தை அளந்தார். மடக்குக்கத்தியின் பிடி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அழுத்தி வெட்டும்போது கையைக் குத்துமாம்.

அப்புறம் கேட்டார்: "உன் அப்பாவும் இதே கையாலதான் வெட்டுவாரா?"

அலகைத் திறக்க நகம் வைக்கும் குழி இருக்கிறதே, அது வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம், இடக்கைக்காரருக்கு மறுபக்கமாம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பாவா? பீச்சாங்கைதானே! சோறும் எழுத்தும்தான் வலங்கை, அதுவும் தாத்தா அடிச்சுப் பழக்கினதாக்கும். போஸ்ட்ல ஏறினா எல்லா வேலையும் பீச்சாங்கைதான். அந்தப் பிச்சாத்திகூட வடசேரியில சொல்லிச் செஞ்சது. கடையில வாங்கினது ஒண்ணும் அவருக்கு வாக்கா இல்லைன்னு." கொஞ்சம் நிறுத்தி, "எதுக்குக் கேக்க? அது உனக்க கையிலதானே இருக்கு?" என்றாள்.

பட்டறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வருஷப் பொய் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது உனக்குத் திறக்கவே செய்யாதே மக்ளே" என்றாள்.

கைப்பலம் காரணமில்லை. அது என் கைக்குச் செய்ததே இல்லை.

காக்காவிடம் விவரம் சொன்னேன். "அப்போ யாருக்குக் கத்தி? உனக்கா, அவருக்கா?" என்றார். நான் முழித்ததைப் பார்த்து, தன் சுத்தியலை எடுத்துக் காட்டினார். 2001 ஜனவரி 26, காலை 8:46, பூகம்பம். குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அஞ்சாரின் ஒரு குறுகிய தெருவில் இடிபாட்டில் சிக்கி இறந்தது அன்றுதான். அவர்களுக்காக 'வீர் பாலக் ஸ்மாரக்' என்ற நினைவிடம் 2022இல் திறக்கப்பட்டது. காக்காவின் பட்டறைக் கூரையும் அன்று விழுந்தது. அவர் அப்பாவின் சுத்தியல், உளி எல்லாம் மண்ணுக்குள். "தேடினேன், கிடைக்கலை. புதுசு செஞ்சேன். எங்கப்பா கை பெரிசு. அதே மாதிரி செஞ்சு நான் என்ன பண்றது? வேலை செய்யறது என் கைதானே."

"எனக்குத்தான்" என்றேன்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. இரண்டு ஞாயிறுகள் போய் உட்கார்ந்து பார்த்தேன். லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி, வடிவம் வந்ததும் எண்ணெயில் முக்கினார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையுமாம். அதனால் மறுபடி லேசாகச் சூடாக்கினார், தேய்த்த இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை. பிடிக்கு மரம் எது தெரியுமா? நம் சீமைக்கருவேலம்! இங்கே அதற்குப் பெயர் 'காண்டோ பாவள்', பைத்தியக்கார வேலமரம். பொருத்தமான பெயர்.

அதிக நேரம் எடுத்தது முதுகு ஸ்பிரிங்தான். பட்டன் கிடையாது, பூட்டு கிடையாது. அந்தத் தகடு அலகின் அடியை அழுத்திப் பிடிப்பதால்தான் திறந்தாலும் மடக்கினாலும் 'டக்'கென்று நிற்கிறது. அரத்தால் ஒரு இழை தேய்ப்பார், மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் ஆணியை அடித்து என்னிடம் நீட்டினார். கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். முதல் இழுப்பிலேயே திறந்தது. அறுநூற்றைம்பது ரூபாய். பேரம் பேச வாய் வரவில்லை.

அந்த மே மாதம் ஊருக்கு விமானத்தில் போகவில்லை. வாரம் ஒரு முறை ஓடும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி. கொங்கண் முழுக்க அதில்தான் மாம்பழம் நறுக்கினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பாக்கை எடுத்துச் சீவினாள்.

"மொனை கொள்ளாம். ஆனா அப்பாக்க பிச்சாத்தி மாதிரி ஒண்ணும் இல்ல."

"இல்லம்மா."

மடக்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "இது உனக்க பிச்சாத்தி. இதையாவது தொலைக்காம வச்சுக்கோ."

பி.கு. 1: சாதா இரும்பு என்பதால் ஈரம் ஆகாது. துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போட்டால் போதும்.

பி.கு. 2: ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மாக்கள் கையில் திணிப்பதையெல்லாம் பெட்டியை கவுண்டரில் போடுவதற்கு முன்பே ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.