மார்ஸேயில் ஒரு பழைய பாக்கி

ஒருவன் தான் முன்னொரு காலத்தில் குடியிருந்த ஊருக்குப் பல வருஷங்கள் கழித்துத் திரும்பிச் செல்வதைப் போலச் சங்கடமான பிரயாணம் வேறொன்று இல்லை. புதிய ஊரில் வழி தெரியாவிட்டால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சொந்த ஊரிலோ வழி கேட்க வேண்டிய அவசியமே நேராது. குடியிருந்துவிட்டுப் போன ஊரில் மாத்திரம், தெரிந்த தெருவிலேயே வழி தப்பி நிற்க வேண்டியிருக்கிறது. கடைக்காரன் நம்மை உல்லாசப் பிரயாணி என்று எண்ணி விலையைக் கூட்டிச் சொல்லும்போது, "ஐயா, நானும் இவ்வூரில் இருந்தவன்தான்" என்று சொல்ல நாக்கு எழுகிறது. ஆனால், "இருந்தவன்" என்ற சொல்லுக்கு எந்தக் கடையிலும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் மார்ஸேய் நகரத்தில் 2009 முதல் 2015 வரையில் நான் வசித்தேன். நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் பிரான்ஸ் என்றாலே மார்ஸேய்தான். அவர்களுடைய கப்பல் அங்கேதான் கரை சேரும். நான் ஆகாய விமானத்தில் போனவன். ஆயினும், ஜோலியெத் துறைமுகத்தின் அருகில் சரக்கு அனுப்பும் காரியாலயம் ஒன்றில் கணக்கு எழுதும் உத்தியோகம் கிடைத்தபடியால், கப்பலுடன் எங்களுக்கு இருந்த பழைய உறவு அடியோடு அறுந்துவிடவில்லை.

2023-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் மறுபடியும் அங்கே போக நேர்ந்தது. ரயிலிலிருந்து இறங்கி, ஸேன் ஷார்ல் நிலையத்தின் வாசலுக்கு வந்து நின்றேன். 1927-இல் திறக்கப்பட்ட 104 கற்படிகள் அங்கிருந்து நகரத்தை நோக்கி இறங்குகின்றன. எதிரே, குன்றின் உச்சியில், நோத்ர் தாம் த லா கார்த் என்னும் தேவாலயத்தின் கோபுரத்தில் தங்கமுலாம் பூசிய மாதாவின் உருவம் வெயிலில் பிரகாசித்தது. மார்ஸேய் ஜனங்கள் அந்த மாதாவை உரிமையோடு "நல்ல தாய்" என்று அழைப்பார்கள். படிகளின் அடியில், பிரான்ஸின் ஆசியக் குடியேற்ற நாடுகளையும் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளையும் இரண்டு பெண்களாக உருவகப்படுத்திச் சாய்ந்த நிலையில் சிலை செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் புதுச்சேரி 1954-ஆம் வருஷமே எழுந்து போய்விட்டது. சிலைக்கு அந்தச் சமாசாரம் இன்னும் எட்டவில்லை போலும்!

கி.மு. 600-ஐ ஒட்டிய காலத்தில் கிரேக்க மாலுமிகள் வந்து ஸ்தாபித்த நகரம் அது. அதன் வாழ்வும் தாழ்வும் கடலோடு வந்தவை. பழைய துறைமுகத்தின் வடகரையில் நெருக்கமாக இருந்த வீடுகளிலிருந்து ஜனங்களை 1943 ஜனவரியில் ஜெர்மானியர் வெளியேற்றி, மறுமாதமே அந்த வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே கரையின் கோடியில், நான் இருந்த காலத்திலேயே, 2013-இல், ஒரு பெரிய பொருட்காட்சிசாலை எழும்பிற்று. அவ்வருஷம் மார்ஸேய் நகரம் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக விளங்கியது. துறைமுகத்து முகப்பில் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு கூரையும் போட்டார்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஊரும் ஜனங்களும் தலைகீழாகத் தெரிவார்கள். இப்போதும் அதன் கீழே கூட்டம் குறையவில்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன். தலை நரைத்த ஒருவன் தலைகீழாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தான்.

ஆனால், நான் தேடி வந்தது துறைமுகத்தையன்று. அதற்குச் சிறிது தூரத்தில், கனபியேர் என்னும் ராஜவீதியைத் தாண்டினால், நோவாய் என்ற பேட்டை இருக்கிறது. அல்ஜீரியா, டுனீஷியா, கொமோரோ தீவுகள் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் நிறைந்த கடைத்தெரு அது. புதினாக் கட்டும், ஆலிவ்காய்ப் பீப்பாயும், சீரகமும் மிளகும் மணக்கும் மூட்டைகளும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த வாசனைக்காகவே நான் அங்கே குடி புகுந்தேன் என்றால் மிகையாகாது.

ஒரு சந்தில், நான்கு மாடி கொண்ட பழைய கட்டடத்தில், என் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு மூதாட்டி வசித்தார். அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் பிறந்து, சிறு வயதில் கப்பலேறி வந்தவர். நான் அவரை எங்கள் புதுச்சேரி வழக்கப்படி "மதாம்" என்று அழைப்பேன். அவர் என்னை "மகனே" என்பார். பண்டிகை நாளில் எனக்கென்று ஒரு தட்டுப் பலகாரம் மாடிப்படி ஏறி வரும்.

அந்த மாடிப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. மூதாட்டி அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, பென்சிலால் தேதியை எழுதி வைப்பார். காகிதம் கிழிந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிழிந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் புதிய துண்டுகளாக, அந்தச் சுவர் ஒரு பஞ்சாங்கம் போல் ஆகிவிட்டது. நானோ, ஊரிலிருந்து வரும் சிநேகிதர்களை அந்தப் படிக்கட்டுக்கு அழைத்துச் சென்று, தேய்ந்த கற்களையும் உதிர்ந்த காரையையும் காட்டி, "பார்த்தீர்களா, எவ்வளவு புராதனம்!" என்று பெருமை பேசுவேன். புகைப்படங்களும் எடுத்தேன்.

2014 நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மூதாட்டி என்னை நிறுத்தி, "மகனே, எனக்குப் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது. இந்தச் சுவரைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க மாட்டாயா?" என்று கேட்டார். "ஆகட்டும் மதாம், இந்த வாரமே எழுதிவிடுகிறேன்" என்றேன். அந்த வாரத்தில்தான் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்த எங்கள் பழைய நகரசபை மாளிகை மழையில் இடிந்து விழுந்தது என்ற செய்தி வந்தது. துக்கம் தாங்காமல், ஊரிலிருக்கும் தம்பிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். கீழ்வீட்டுக்கு எழுத வேண்டிய அரைப் பக்கத்தை எழுதவில்லை. பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். 2015-இல் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

2018 நவம்பர் 5-ஆம் தேதி, அதே பேட்டையில் ஓபாஞ் வீதியிலுள்ள இரண்டு வீடுகள் காலை வேளையில் சரிந்து விழுந்தன. எட்டுப் பேர் மாண்டார்கள். அதன் பின்னர் நகரமெங்கும் பழைய கட்டடங்களைப் பரிசோதித்து, ஆயிரக்கணக்கான ஜனங்களை வீடுகளைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். புதுச்சேரியில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் கண்முன் நின்றது அந்தக் காகிதத் துண்டுதான். மூதாட்டியைப் பற்றி விசாரிக்க எனக்கு அப்போது தைரியம் இல்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே!

ஐந்து வருஷம் கழித்து வந்த தைரியம் எத்தகையதோ, அதோடு சந்தின் முனையில் போய் நின்றேன். என் கட்டடம் விழவில்லை. கதவை இரும்புத் தகட்டால் அடைத்து, சுவருக்கு உத்திரங்களால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓபாஞ் வீதியில், வீடுகள் இருந்த இடம் பல் விழுந்த வாய்போல் வெறுமையாகக் கிடந்தது. அருகிலிருந்த சிறு சதுக்கத்துக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள்.

மசாலைக் கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இல்லை. "சுவரில் காகிதம் ஒட்டும் மதாம்" என்றதும் அவர் முகம் மலர்ந்தது. டெலிபோனில் அரபியில் ஏதோ பேசிவிட்டு, ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

நகரத்தின் வடக்கே, உயர்ந்த கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி. கதவைத் திறந்த மூதாட்டி என்னைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பிறகு, "கடிதம் கொண்டு வந்தாயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தேநீர் அருந்திக்கொண்டே நடந்ததைச் சொன்னார். கடிதத்தை அவருடைய பேத்தி எழுதினாளாம், பதில் வரவில்லையாம். ஓபாஞ் வீதி வீடுகள் விழுந்த சில நாட்களில் பரிசோதகர்கள் வந்து, ஒரு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்களாம். பல மாதம் விடுதி அறையில், அடுப்பு இல்லாமல் காலம் தள்ளியிருக்கிறார்.

"பழைய தெருவை விட்டு வந்தது வருத்தமாக இல்லையா?" என்றேன்.

"கடைத்தெரு இல்லாதது வருத்தந்தான். மின்தூக்கி கெட்டுப்போனால் நான்கு நாள் சிறைவாசம். ஆனால் இங்கே ராத்திரியில் உத்திரம் பேசுவதில்லை, மகனே. நீ அந்தச் சுவரைப் படம் பிடித்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜன்னல் வழியே தூரத்தில் "நல்ல தாய்" ஒரு பொற்புள்ளியாகத் தெரிந்ததைக் காட்டி, "இதைப் படம் எடுத்துக்கொள்; பழைய வீட்டிலிருந்து இது தெரியாது" என்றார். எடுத்துக்கொண்டேன்.

பழமையின்மேல் எனக்கு இருந்த பிரியம் பொய்யன்று. ஆயினும், ஊரைவிட்டுப் போனவனுடைய பிரியத்துக்காக ஒரு சுவர் பழையபடியே நிற்க வேண்டுமானால், அதன் அடியில் படுத்துறங்குகிறவர் வேறொருவராக இருக்கிறார். இந்தச் சிறு கணக்கு, கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

புதுச்சேரியில் எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மழைக்காலந்தோறும் கூரை ஒழுகுவதாக அவர்கள் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். "பழைய மெட்ராஸ் ஒட்டுக் கூரை, அப்படித்தான் இருக்கும்" என்பது என் வழக்கமான பதில்.

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, கொத்தனாரை உடனே அழைத்துக் காட்டும்படி தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அரைப் பக்கந்தான் ஆயிற்று.