பாசஞ்சர் வண்டியில் மோகனூர்

பிரயாணம் என்றால் அதற்கு ஒரு காரியம் இருந்தாக வேண்டும் என்பது நம் ஜனங்களிடம் ஊறிப்போன அபிப்பிராயம். கல்யாணம், கருமாதி, கோர்ட்டு வாய்தா, ஆஸ்பத்திரி, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டுத்தான் மனிதன் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். அப்படி ஒன்றுமே இல்லாமல், காலையில் ரயிலேறி மாலையில் அதே ரயிலில் திரும்பிவரும் சந்தோஷத்துக்காகவே ஒருவன் டிக்கெட் வாங்குகிறான் என்றால், அவன் குடும்பத்தாரே அவனைச் சற்றுக் கவலையோடுதான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பழகிப்போனவன். சேலம் ஜங்ஷனிலிருந்து ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூருக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில், மனம் சலித்திருக்கும் நாட்களிலும், எந்தச் சலிப்பும் இல்லாத நாட்களிலும்கூட, ஏறி உட்கார்ந்துவிடுவது என் வழக்கம்.

இந்தப் பாதையின்மேல் எனக்குள்ள பிரியத்துக்கு முதற்காரணம் அதன் இளமை. சென்னை ராயபுரத்திலிருந்து 1856-ல் கிளம்பிய ரயில்பாதை, சேலத்தைத் தொட்டுச் சங்ககிரி, ஈரோடு என்று மேற்கே திரும்பி, 1862-க்குள் பேப்பூர்க் கடற்கரையை எட்டிவிட்டது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட நாமக்கல் சீமை மட்டும், வடக்கே போனால் சேலத்திலும் தெற்கே ஆற்றைக் கடந்தால் கரூரிலும் வண்டி பிடித்துக்கொண்டு, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காத்திருந்து, 2013-ல்தான் சுமார் 85 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையைப் பெற்றது. மோகனூரில் 1888-ல் பிறந்து, 1949-ல் அரசவைக் கவிஞராகி, 1972-ல் மறைந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, தாம் பிறந்த ஊரிலும் தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊரிலும் ரயில் நின்றதைக் கண்டதில்லை. ராசிபுரத்தைப் பெயரின் முதலெழுத்தாகச் சுமந்த ஆர். கே. நாராயண் விஷயம் இதைவிட விநோதம். மால்குடி தம் மனத்தில் முதன்முதலில் ஒரு சிறிய ரயில் நிலையமாகத்தான் தோன்றிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் கட்டிக்கொடுத்த அந்த மனிதர் 2001-ல் காலமானபோது, மூதாதையர் ஊரான ராசிபுரத்தில் ஸ்டேஷன் என்று ஒன்று இல்லை.

ரயில் வராத குறையை இந்தச் சீமை தன் போக்கில் ஈடுகட்டிக்கொண்டது என்றே நான் எண்ணுகிறேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், வட இந்தியாவின் கோடிவரை ஓடிவிட்டு வரும் டிரைவர்களும், முட்டையை அட்டை அட்டையாக அடுக்கிக் கேரளத்துக்கு அனுப்பும் கோழிப்பண்ணைக்காரர்களும் நாமக்கல்லில் பெருகியதற்கு மண்ணின் வறட்சியும் மக்களின் துணிச்சலும் காரணம் என்று சொல்லுவார்கள். இருக்கலாம். சரக்கு ஏற்ற ஒரு ஸ்டேஷன் வீட்டுக்கருகில் இருந்திருந்தால் இத்தனை பேர் லாரியை நம்பி இறங்கியிருப்பார்களா என்பது என் சந்தேகம். இது அநுமானமே அன்றிச் சரித்திரம் அல்ல. எப்படியானாலும், லாரிக்காரர்களின் தலைநகருக்குள் கடைசியாக வந்து சேர்ந்த வாகனம் ரயில் என்பதால், அதற்கு இன்னும் வீட்டு மனிதனின் உரிமை ஏற்படவில்லை. பழைய பாதைகளில் ஸ்டேஷனைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சூரமங்கலத்தில், நகரத்துக்கு வெளியே அமைந்த சேலம் ஜங்ஷனைக்கூட நகரமே தேடி வந்து அணைத்துக்கொண்டது. இந்தப் புதுப் பாதையிலோ, ஸ்டேஷன்கள் ஊருக்கு ஒதுங்கிச் சோளக்காட்டுக்கும் வேலிமுள்ளுக்கும் நடுவே நிற்கின்றன. பெயர்பெற்ற வடைக்காரரோ, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஸ்டேஷன் பேய்க்கதையோ இங்கே கிடையாது.

சேலத்தை விட்டதும் மேற்கே கஞ்சமலை சற்று நேரம் கூடவே வரும். பிறகு மல்லூரைத் தாண்டி ராசிபுரத்தை நெருங்கும்போது, செம்மண் காடுகளில் ஆள் உயரத்துக்கு நிற்கும் குச்சிக்கிழங்குச் செடிகளும், அவற்றுக்கிடையே அங்கங்கே சேகோ ஆலைகளின் வெண்மையான களங்களும் தென்படும். இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயாவிலிருந்து வரவேண்டிய ஜவ்வரிசி நின்றுபோகவே, 1940-களில் சேலத்தில் வேர்விட்ட தொழில் இது. கிழங்கின் தோலைச் சீவிக் கழுவி, அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் உறைந்த மாவை உதிர்த்துக் குலுக்கி மணிமணியாக உருட்டி, தகட்டில் வறுத்து, முடிவில் சிமெண்டுக் களத்தில் வெயிலுக்குப் பரப்புகிறார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட ஒரு பெண் அந்த வெண்பரப்பைக் காலால் கிளறியவாறு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பதையும், அவள் நடந்த வழியெல்லாம் உழவுசால்போலக் கோடு விழுவதையும் ஜன்னலிலிருந்து முழுதாகப் பார்த்து முடிக்க முடிகிறது என்றால், அது பாசஞ்சர் வண்டியின் வேகத்துக்கு உள்ள பெருமை. ஆலையின் கழிவுநீர் வாடையும் அந்த ஜன்னல் வழியேதான் வரும். புளித்த அந்த நாற்றத்தை மறைத்துவிட்டு இந்தப் பிரதேசத்தை வர்ணிப்பது யோக்கியமாகாது. பக்கத்திலேயே ஓடும் தேசிய நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு இந்தக் களம் தெரியாது, அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பிரியாணிக் கடைப் பலகைகளும் சுங்கச்சாவடியுமே.

பாதை ஒற்றைத் தடம். ஆகையால் கிராஸிங் உண்டு. களங்காணிபோன்ற ஏதாவதொரு சிறு ஸ்டேஷனில், எதிரே வரும் பெரிய வண்டிக்கு வழிவிட்டு நம் வண்டி ஒதுங்கி நிற்கும்போதுதான், அதுவரை கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து, ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்குவார்கள். அப்படி ஒருநாள், மடியில் தூக்குப்போசியும் காலடியில் பையுமாக எதிரே உட்கார்ந்திருந்த ஒரு முதிய அம்மாள் என் பூர்வோத்தரங்களை விசாரிக்கலானாள்.

"எந்த ஊருக்குங்க தம்பி?"

"மோகனூருக்குங்கம்மா."

"யாரு ஊட்டுக்குங்க?"

"யாரு வீட்டுக்கும் இல்லீங்க. ஆத்தைப் பார்த்துட்டுச் சாயங்காலம் திரும்பலாம்னு."

"ஆத்துல திதி குடுக்கவுங்களா?"

இல்லை என்றேன். காந்தமலை முருகனுக்கு வேண்டுதலா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, குரலைத் தணித்து, "ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?" என்றாள். நான் சிரித்து மறுத்ததை அவள் நம்பினதாகத் தெரியவில்லை. போசியைத் திறந்து, அவித்த குச்சிக்கிழங்கில் ஒரு துண்டை எடுத்து நீட்டி, "தின்னுங்க. எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றாள். உல்லாசப் பிரயாணத்தின் தத்துவத்தை அவளுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. கிழங்கோ உப்பும் பதமுமாக வெந்து நன்றாகவே இருந்தது.

நாமக்கல்லில் பெட்டி பாதிக்குமேல் காலியாகிவிடும். ஒரே கல்லாக எழுந்து நிற்கும் கோட்டைமலையும், அதன் இரு புறத்திலும் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் சந்நிதிகளும், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயரத்துக்கு நிற்கும் ஆஞ்சநேயரும் பிரசித்தமானவர்கள். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு அங்கே இறங்கும் உத்தேசம் இருப்பதில்லை. தரிசனத்துக்கென்று இறங்கிவிட்டால் அது ஒரு காரியமாகிவிடும்.

லத்துவாடிக்கு அப்பால் நிலத்தின் குணம் மாறுகிறது. செம்மண்ணும் கருவேலமும் பின்தங்கிவிட, கரும்பும் வாழையும் வெற்றிலைக்கொடிக்காலும் வரிசையாகத் தோன்றுகின்றன. ஆலைப் பருவமானால், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையிலிருந்து காய்ச்சும் பாகின் மணம், கண்ணுக்கு ஆலை தெரிவதற்கு முன்பே வண்டிக்குள் வந்துவிடுகிறது. மோகனூரில் இறங்கி, ஊருக்குள் நடந்து, அசலதீபேஸ்வரர் கோயில் பக்கமாகப் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தால் காவிரி இக்கரைக்கும் அக்கரைக்கும் நிரம்பிப் போகும். இல்லாவிட்டால், பரந்த மணலின் ஒரு பக்கத்தில் முழங்கால் அளவாக ஒதுங்கி ஓடும். எனக்கு இரண்டும் சம்மதமே. ஒதுங்கி ஓடும் நாட்களில் குளிப்பது சௌகரியம் என்பதால், அந்தரங்கமாக அதற்கே என் ஓட்டு. குளித்துவிட்டு, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டு, மரநிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்கும்போது, அக்கரை வாங்கலை நோக்கி ரயில்பாலத்தின்மேல் ஒரு சரக்கு வண்டி போகும். சில நாள் மோகனூரில் இறங்காமல், அந்தப் பாலத்தைக் கடக்கும் இன்பத்துக்காகவே வாங்கல்வரை போவதும் உண்டு. பாலத்தில் ஏறியதும் பெட்டியில் பேச்சு நின்றுபோகும். வாசற்படியருகே இருக்கும் யாராவது ஒருவர் சட்டைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்து ஆற்றில் போடுவார். பரிசலில் அஞ்சி அஞ்சிக் கடந்த பாட்டன்மார்கள் போட்ட காசுக்குக் காரணம் இருந்தது. இரும்புப் பாலத்தின்மேல் பத்திரமாகப் போகிற பேரப்பிள்ளையும் போடுகிறான் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் செலவு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாசஞ்சர் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். தொற்றுநோய்க் காலத்தில் நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது இந்த வண்டிகள் எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூடி, அதே நிதானத்தோடு ஓடிக்கொண்டே 30 ரூபாய் கேட்டன. 2024-ன் தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் மீண்டது. ஜவுளிக்கடை வேலைக்கும் கல்லூரிக்கும் தினந்தோறும் போய்வருகிறவர்களுக்கு அந்த 20 ரூபாய் வித்தியாசம் சாமானியமானதல்ல. என்னைப்போன்ற உல்லாசிகள் அவர்கள் தயவில்தான் ஓசியாக இந்தச் சலுகையை அநுபவிக்கிறோம். ஆகவே காலை வண்டியில் கூட்டமிருந்தால் எழுந்து இடம்கொடுத்துவிடுவதே மரியாதை.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை சொல்லுவேன். கிழக்கே போதமலையும், நைனாமலையும், அவற்றுக்குப் பின்னால் நீளமாகக் கொல்லிமலையும் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, போகும்போதே இடப்பக்கம் உட்காருகிறவர்கள் காலை வெயிலில் கண் கூசி, மலைக்குப் பதிலாகக் கறுத்த நிழலைப் பார்த்துவிட்டு வருவார்கள். போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்து கஞ்சமலையோடு திருப்தியடையவேண்டும். திரும்பும்போதும் அதே வலப்பக்கம்தான். அப்போது மேற்கு வெயில் விழுந்து, கொல்லிமலையின் மடிப்புகளும் சரிவுகளும் ஒவ்வொன்றாகத் தெரியும். நாமக்கல்லில் ஏறுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள் என்பதால், மோகனூரிலேயே இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.