வெண்பாவூர் மான்களும் ஊர் நாய்களும்

பெரம்பலூருக்கு வருகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது மான் பார்க்க. வேப்பந்தட்டை வட்டத்து வெண்பாவூர் காப்புக்காட்டில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. காடு என்றதும் முதுமலையை நினைத்துவிடக் கூடாது. முட்புதரும் புல்லுமாகக் கிடக்கும் வறண்ட காடு இது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் கொல்லைகள். காட்டையும் கொல்லையையும் பிரிப்பது பல இடங்களில் ஒரு வண்டிப்பாதைதான்.

பங்குனி வெயில் தாழ்ந்த நேரம். கொல்லை மேட்டில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். புதருக்குள்ளிருந்து ஒரு பெட்டை மான் தலையை நீட்டியது. காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. முன்காலால் தரையை ஒருமுறை தட்டியது. பிறகுதான் குட்டி வெளியே வந்தது. தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றால் மறைந்துவிடும் உயரம். கால்கள் இன்னும் தரையில் சரியாகப் பாவவில்லை.

“இது பின்தங்கிப் பொறந்த குட்டி தம்பி. ஐப்பசி கார்த்திகையில பொறந்திருந்தா புல்லு இடுப்பளவு நிக்கும், அதுக்குள்ள படுத்துக்கும். இப்ப எங்க போய் ஒளியும்?” என்றார் பெரியவர்.

புள்ளிமான் ஈனுவதற்கு ஒரே பருவம் என்று கிடையாது. ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அது எந்த மாதத்திலும் அமையலாம். பிறந்த குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. கோடையில் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. தாய் ஊர்ப்பக்கம் தண்ணீர் தேடி வரும்போது குட்டியும் கூடவே வருகிறது. அங்கே காத்திருப்பவை நாய்கள்.

“முன்னெல்லாம் ராத்திரி நரி ஊளை கேக்கும். நரியும் குட்டியத் தூக்கும்தான். ஆனா ஒண்ணு ரெண்டா வரும், பசிக்குப் பிடிக்கும், போயிடும். நாய் கூட்டமா வந்து விரட்டுது. தின்னக்கூட இல்ல, சும்மா கடிச்சுப் போடுது” என்றார். ஆடு மேய்த்துத் திரும்பிய ஓர் அம்மாவும் அதையே சொன்னார். அவர் பட்டியிலும் நாய் புகுந்திருக்கிறது. துரத்தப்பட்ட மானுக்குக் காயம் சிறிதாக இருந்தாலும், ஓடிய ஓட்டத்திலும் அதிர்ச்சியிலுமே உயிர் போய்விடுவது உண்டு.

அமெரிக்காவிலும் மான் வேட்டைக்காரர்களுக்கு இதே கவலை இருக்கிறது. அங்கே ஓநாய்களைக் கொன்று தீர்த்த பிறகு, நரியினத்துக்கு நெருங்கிய கயோட்டி என்ற விலங்கு கண்டத்தின் கிழக்குக் கரைவரை பரவியது. வெள்ளைவால் மான் குட்டி போடுவது கோடைத் தொடக்கத்தில். இலையுதிர் காலத்து வேட்டைப் பருவத்திலும் புள்ளி மறையாத குட்டியைக் கண்டால், இது கயோட்டியிடமிருந்து தப்புமா என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதனால் இங்கே மானையும் குட்டியையும் அன்றாடம் கவனிப்பவர்கள் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும்தான். இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. கயோட்டி காட்டு விலங்கு. நம் நாய்க்குச் சோறு போடுவது நாம்.

மறுநாள் அரியலூர்ப் பக்கம் போனேன். 2024 ஏப்ரலில் செந்துறையில் ஒரு சிறுத்தை நடமாடியபோது மாவட்டமே தூங்கவில்லை. கூண்டும் கேமராவும் வைத்துத் தேடினார்கள். ஆண்டு முழுவதும் ஊருக்கு ஊர் சுற்றும் நாய்க்கூட்டத்துக்கு அந்தப் பரபரப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஊர் எல்லையில் கோழிக்கடைக் கழிவு மூட்டையாகக் கிடந்தது. அதைச் சுற்றி நாய்கள், பால் குடிக்கும் குட்டிகளோடு. கழிவு கிடைக்கும்வரை அந்தக் கூட்டம் குறையாது.

நாயைக் கொல்வது தீர்வல்ல. சட்டமும் அதற்கு இடம் தராது. 2023ஆம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் தந்திருக்கின்றன. அந்த வேலை நகரத்தோடு நின்றுவிடாமல் காட்டோரக் கிராமங்களில் முதலில் நடக்க வேண்டும். இறைச்சிக் கழிவைக் காட்டோரத்தில் கொட்டுவதை ஊராட்சி தடுக்க வேண்டும். மாசி பிறக்கும் முன்பே காட்டுக்குள் தொட்டிகளில் தண்ணீர் நிரம்ப வேண்டும். கோடையைத் தாண்டியும் அது வற்றக் கூடாது. தரையோடு தரையாகக் கிடக்கும் கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். நாய்க்குப் பயந்து ஓடும் மான் விழுவது அவற்றில்தான்.

இதில் எதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பெரியவருக்கும் ஆடு மேய்க்கும் அம்மாவுக்கும் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மான் இறங்கும் என்று தெரியும். வனத்துறையும் ஊராட்சியும் அவர்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டால், கோடையில் பிறக்கும் குட்டியும் அடுத்த மழையைப் பார்க்கும்.