அப்பாயி புடவையும் பதினோராம் தொகுதியும்

பள்ளியில் வேதியியல் புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம் தனிம வரிசை அட்டவணை. 118 கட்டம். குறுக்கே போனால் தொடர், கீழே இறங்கினால் தொகுதி, ஒரே தொகுதியில் இருந்தால் ஒரே குடும்பம்... மனப்பாடம் செய்தோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அது உறைத்தது வகுப்பில் இல்லை, திருவிடைமருதூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில்.

காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம். அப்பாயி பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்து வைத்தார். திருபுவனம் பட்டு. (கும்பகோணம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், வழியில் வருகிற ஊர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை.) ஆனால் மடிப்பு மடிப்பாய் இற்றுப் போயிருந்தது.

பழைய பட்டு வாங்குகிறவர் வந்தார். துணியைப் பார்க்கவே இல்லை. முந்தானையில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. "அசல் சரிகைதாம்மா" என்றார். அப்புறம் தராசு. "வெள்ளிக்கு மட்டும்தான் விலை. தங்கம் கணக்குல வராது."

"தங்கச் சரிகைன்னு சொல்லித்தானய்யா எனக்கு எடுத்தாங்க?" என்றார் அப்பாயி. அவர் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணினார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அசல் சரிகை என்பது பட்டு நூல்மேல் சுற்றிய தட்டையான வெள்ளிக் கம்பி. வெள்ளியோடு செம்பும் உண்டு. மேலே தங்கப் பூச்சு. எடையில் தங்கம் 1 சதவீதம்கூட வராது. செம்பு 29, வெள்ளி 47, தங்கம் 79. அட்டவணையில் தேடினால் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினோராம் தொகுதியில்! ஒரு குடும்பமே புடவைக்குள் குடியிருந்திருக்கிறது.

மூன்றுக்கும் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதற்கு உள்ளே நிரம்பிய பத்து டி எலக்ட்ரான்கள். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமும் ஒன்றே. அதனால்தான் மூன்றையும் முடியைப் போல மெல்லிய கம்பியாக இழுக்க முடிகிறது. வெள்ளி அணுவும் தங்க அணுவும் அளவில் கிட்டத்தட்ட சமம், எந்த விகிதத்திலும் கலக்கும். போலிச் சரிகைக்காரர்கள் செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசுவதும் இந்த உறவை நம்பித்தான் :-)

ஆனால் குணம்? கந்தகம் கலந்த காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். செம்பு பச்சை பிடிக்கும். தங்கம் அசையாது. பெரியவன் தம்பிகளைப் போர்த்தி நிற்கிறான்.

இந்த மூவரை எங்கே வைப்பது என்று மெண்டலீவுக்கே குழப்பம். 1871 அட்டவணையில் சோடியம், பொட்டாசியம் இருக்கும் முதல் தொகுதியில் அடைப்புக்குறிக்குள் போட்டார், எட்டாம் தொகுதியிலும் எழுதினார். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டில் பெயர்! அவரைக் குறை சொல்ல முடியாது. பொட்டாசியத்துக்கும் வெளியே ஒரு எலக்ட்ரான், செம்புக்கும் ஒன்று. ஆனால் பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றும், செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் வைக்கலாம். காரணம் அந்தப் பத்துப் பேர். செம்பின் உட்கருவில் புரோட்டான் 10 அதிகம், அதை டி எலக்ட்ரான்கள் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளி எலக்ட்ரானை உட்கரு இறுக்கிப் பிடிக்கிறது. அதைப் பிடுங்க ஒரு மோலுக்குப் பொட்டாசியத்தில் 419 கிலோஜூல் போதும், செம்பில் 746 வேண்டும். இன்றைய அட்டவணையில் அவர்கள் 1, இவர்கள் 11. பங்காளிகள், தனிக்குடித்தனம்.

லீவுக்குப் போனபோது அப்பாயியிடம் சொன்னேன். எலக்ட்ரான் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தங்கம் இருந்துச்சா, இல்லையா?" என்றார்.

"இருந்துச்சு அப்பாயி. வெள்ளிக்கு மேல, தோல் மாதிரி."

"அதான் அம்பது வருசமா கறுக்கல" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். அவர் சுரண்டிப் போட்ட அந்த ஒரு இழை சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.