செஞ்சி சந்தை முதல் சிங்கவரம் மலை வரை... கறிச்சோறு இன்னும் விசேஷச் சாப்பாடுதானா?

வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்குள் செஞ்சியில் ஆடுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அன்று வாரச்சந்தை. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வெள்ளாடும் செம்மறியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். வெளியூர் வியாபாரிகள் பல்லைப் பார்த்து வயதையும், முதுகைப் பிடித்துப் பார்த்து எடையையும் கணிப்பார்கள். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், பக்ரீத் நெருங்கும் வாரங்களில் இங்கே நிற்க இடம் இருக்காது. அந்த ஒரு நாளில் மட்டும் விற்பனை கோடிகளைத் தொடுவதுண்டு.

மேலை நாடுகளில் பிறந்தநாள், சம்பள உயர்வு என்றால் தட்டில் ஸ்டேக் இருக்கும். செஞ்சிப் பக்கம் அந்த இடம் ஆட்டுக்கறிக்கு. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை தாண்டிய பிறகும் அந்த மவுசு இருக்கிறதா? சந்தையிலிருந்து சிங்கவரம் வரை சுமார் 4 கி.மீ. போய்ப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

சோறே விருந்தான காலம்

செஞ்சியைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். ஏரிப் பாசனம் உள்ள இடத்தில் நெல். மற்றபடி கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை விளையும் மானாவாரி நிலம். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பிரமாண்டமான களஞ்சியத்தைப் பார்த்தாலே தானியத்துக்கு அன்று இருந்த மதிப்பு புரியும். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டும் கோட்டை தாக்குப்பிடித்ததில் சேமித்து வைத்த உணவுக்கும் பங்கு உண்டு.

சாமானியர் வீட்டில் தினமும் கூழும் களியும்தான். நெல்லுச் சோறே விசேஷம். இட்லி, தோசை என்றால் பண்டிகை. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி அத்தனை பெரிதாக எடுபட்டதற்குக் காரணம் இதுதான். அந்தத் தலைமுறைக்குத் தீபாவளி விடியலில் கிடைத்த இட்லியும் கறிக்குழம்பும் ஆண்டு முழுக்க நினைவில் நிற்கும்.

அன்று கறி வாங்கிய விதமும் வேறு. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடிப்பார்கள். கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றையும் இலையில் பரப்பி, ஏற்றத்தாழ்வு இல்லாமல் கூறு போடுவார்கள். கையில் காசு இல்லாத வீட்டுக்கும் கடனாக ஒரு கூறு போகும். பக்ரீத் குர்பானியிலும் கறியை மூன்றாகப் பிரித்து வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று கொடுப்பது வழக்கம்.

உணவைத் துறந்தவரின் குன்று

சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று வருகிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்ததை அது சொல்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இது முக்கியமான கல்வெட்டு. ஆட்டுச் சந்தை கூடும் ஊருக்குப் பக்கத்திலேயே உணவையே துறந்த ஒருவரின் நினைவிடம்!

அடுத்தது சிங்கவரம். படியேறினால் பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலேயே வடித்த மிக நீளமான திருமேனி. ராஜா தேசிங்கு போருக்கு உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இங்கே சொல்லப்படும் கதை. 1714-ல் ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி தேசிங்கு மாண்டது வரலாறு.

புரட்டாசி வந்தால் பெருமாளுக்காகக் கறியை ஒதுக்கிவைக்கும் வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அந்த மாதம் கறிக்கடைகள் காற்று வாங்கும். ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதே கடைகளில் வரிசை நிற்கும். ஒரு மாதம் காத்திருந்து சாப்பிடும் கறிக்குத் தனி ருசி என்பது இளைய தலைமுறைக்கும் தெரியும்.

இறங்கியதும் ஏறியதும்

கோழி முதலில் இறங்கியது. மாப்பிள்ளை வந்தால் மட்டும் அடித்த நாட்டுக்கோழியின் இடத்தில், 1990-களில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து பரவிய ஒப்பந்தப் பண்ணை பிராய்லர் வந்து உட்கார்ந்தது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். சோறும் இட்லியும் அன்றாடமாகிவிட்டன. பிரியாணி போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது.

ஏறியது கூழ். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும்போது பாத்திரம் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பாட்டி வேறு வழியில்லாமல் குடித்ததைப் பேரன் காசு கொடுத்து, ‘சிறுதானிய உணவு’ என்று வாங்கிச் சாப்பிடுகிறான்.

ஆட்டுக்கறி மட்டும் நடுவில் நிற்கிறது. கிலோ 800 ரூபாயைத் தாண்டியபின், அப்பா தலைமுறைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக இருந்தது பல வீடுகளில் மறுபடி மாதம் ஒருமுறை என்று ஆகிவிட்டது. மேல்மலையனூர் அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் மொட்டை அடித்து, காது குத்தி விருந்து வைத்தால் அதில் இன்றும் கறிச்சோறுதான் பிரதானம். சிக்கன் மட்டும் போட்டு அனுப்பினால் சொந்தக்காரர்கள் ஊர் போய்ச் சேரும்வரை பேசுவார்கள்!

ஆக, கறிச்சோறு விசேஷம்தான். மாறியிருப்பது கூறு. அரைக் கிலோ வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும்போது அது இன்னொரு நாள் சாப்பாடு. பத்துப் பேர் பந்தியில் உட்கார, ‘இன்னும் ரெண்டு துண்டு வைங்க’ என்று ஒருவர் சொல்லும்போதுதான் விசேஷம் தொடங்குகிறது.

எப்படிப் போகலாம்?

சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ.; திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் செஞ்சி. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த கோட்டையைக் காலையிலேயே ஏறி முடித்துவிடுங்கள். சந்தை பார்க்க வெள்ளி அதிகாலை. சிங்கவரம் கோயில் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.